என்னுடையவை என்று டிக் செய்தவை

கல்லூரி ஆண்டு விழாவில் சிறந்த ஆய்வாளர் விருது வாங்கியவன் நான். அந்த விருதுக்குக் காரணமாக இருந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை நான் எழுதவில்லை. மேடையேறிய நாள்வரை அவற்றைப் படித்ததும் இல்லை.

காசு கொடுத்து யாரிடமும் எழுதி வாங்கவில்லை. யார் கட்டுரையையும் பார்த்துக் காப்பியடிக்கவும் இல்லை. இந்த இரண்டையும் செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் மற்றவர்களோடு சேர்ந்து கேவலமாகப் பேசியிருக்கிறேன். நான் செய்தது வேறு ரகம். என் பெயரும் என் இனிஷியலும் கொண்ட இன்னொருவர் எழுதிய கட்டுரைகள் என் கணக்கில் வந்து விழுந்தன. விழுந்ததை நான் தள்ளிவிடவில்லை. சில வருடம் கழித்து, இவை என்னுடையவைதான் என்று நானே உறுதி சொல்லவேண்டிய இடம் ஒன்று வந்தது. அங்கேயும் தலையாட்டினேன். அடுத்த தெருவில் இருக்கும் அதே பெயர்க்காரனுக்கு வந்த மணியார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவனை ஊரில் என்ன சொல்வார்கள்? அந்தச் சொல் எனக்குப் பொருந்தும்.

என் பெயரை இங்கே எழுதாததற்குக் கூச்சமும் ஒரு காரணம்தான். ஆனால் எழுதினால் அந்த இன்னொருவரின் பெயரையும் எழுதியதாகிவிடும்.

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆய்வு வகைப்பாட்டியல், அதிலும் புல்லும் கோரையும். கண்மாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் நடந்து, செடியை வேரோடு எடுத்து, செய்தித்தாள் மடிப்பில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, இடமும் தேதியும் எழுதி வைக்கிற வேலை. ஒரு கோரையின் கதிரை லென்ஸில் பார்த்து இது இன்ன இனம்தான் என்று முடிவுக்கு வர ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு மேற்கோள் கிடைக்காது, அதாவது பிறர் தங்கள் கட்டுரைகளில் இதைக் குறிப்பிடமாட்டார்கள். ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றி 1915இல் வெளியிடத் தொடங்கிய நூல்வரிசையைத் தமிழ்நாட்டில் செடி அடையாளம் காண்கிற எவரும் இன்றும் புரட்டாமல் இருக்க முடியாது. புரட்டியவர்களில் பலர் செடியின் பெயரை எடுத்துக்கொண்டு, கட்டுரைக் கடைசியில் கேம்பிளின் பெயரை விட்டுவிடுவார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால் கண்மாய்க் கோரையைப் பற்றி எழுதுகிறவனை யார் சீந்துவார்கள்?

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு, ஒரு ஆய்வாளரின் மதிப்பை ஒரே எண்ணில் சொல்ல வழி கண்டுபிடித்தார். ஹெச்-இண்டெக்ஸ் என்று பெயர். குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் உங்களிடம் பத்து இருந்தால் உங்கள் எண் 10. அவ்வளவுதான் சூத்திரம். எந்தத் துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. எங்கள் கல்லூரியில் தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றால் எல்லாத் துறைக்கும் ஒரே எக்செல் தாள் வரும். அதில் ஒரு பத்தி ஹெச்-இண்டெக்ஸ். வேதியியல்காரர்கள் 14, 17 என்று நிரப்புவார்கள். என் கட்டத்தில் 4 இருந்தது. நான்கு வருடம் கழித்தும் 5தான்.

என் பெயர்க்காரர் செய்த ஆய்வு எனக்கு நேர் எதிர்த் திசை. இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கலந்து வெள்ளி நானோ துகள் உண்டாக்குவது. கலந்த கொஞ்ச நேரத்தில் கரைசல் பழுப்பாக மாறும். துகள் உருவாகிவிட்டது என்பதற்கு அது முதல் அடையாளம். பிறகு அந்தத் துகள் எந்தக் கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் துளசி, வேம்பு, நொச்சி என்று எந்த இலையையும் விட்டுவைக்கவில்லை. இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் ஏராளம், ஆகவே ஒருவர் கட்டுரையை இன்னொருவர் குறிப்பிடுவதும் ஏராளம். அவருடைய ஒரு கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள், என் பத்து வருட உழைப்புக்குக் கிடைத்ததைப் போலப் பல மடங்கு.

இந்த இரண்டு பேரையும் ஒருவராக நினைத்தது ஒரு கட்டுரைத் தேடல் தளம். அதில் நான் என் பக்கத்தைத் திறந்தபோது, பெயரைப் பார்த்து, தாவரம் சம்பந்தப்பட்டது என்பதையும் பார்த்து, இவை உங்கள் கட்டுரைகளா என்று ஒரு பட்டியல் நீட்டியது. புதிதாக வருவனவற்றைத் தானாகவே சேர்க்கலாமா என்றும் கேட்டது. சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டு மறந்தேன். ஆறேழு மாதம் கழித்துப் பார்த்தால் என் ஹெச்-இண்டெக்ஸ் 16.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே ஒரு சிறு கட்டம் உண்டு. கட்டத்தைத் தொட்டு, நீக்கு என்று அழுத்தினால் போதும். அன்று மாலையே செய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அந்த எக்செல் தாள் வந்தது. 16 என்று நிரப்பினேன். நிரப்பும்போது என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: இந்த எண்ணே ஒரு பொய், இந்தப் பொய்யில் எனக்கு மட்டும் ஏன் குறைந்த பங்கு என்று நினைத்தேன். வகைப்பாட்டியலுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்துக்கு நான் பரிகாரம் தேடிக்கொள்வதாக ஒரு எண்ணம். திருடுகிறவன் ஒவ்வொருவனிடமும் இப்படி ஒரு வழக்கு இருக்கும்.

இதில் மிகவும் வெட்கப்படவேண்டிய விஷயம் இன்னொன்று. பெயர்க் குழப்பத்தைப் பற்றி நான் வகுப்பெடுக்கிறவன். எங்கள் துறையில் ஒரு செடிக்கு முதன்முதலில் பெயரிட்டவரின் பெயரை அந்தச் செடிப் பெயருக்குப் பின்னால் சுருக்கி எழுதுவது வழக்கம். எல் என்று ஒற்றை எழுத்து போட்டுப் புள்ளி வைத்தால் லின்னேயஸ். அவருடைய மகனும் தாவரவியலாளர் என்பதால் மகனுக்கு எல் எழுத்தோடு எஃப் எழுத்தையும் சேர்ப்பார்கள். வில்லியம் ஹூக்கருக்கும் அவர் மகன் ஜோசஃப் ஹூக்கருக்கும் அப்படித்தான். தகப்பன் வேலை மகன் கணக்கிலோ, மகன் வேலை தகப்பன் கணக்கிலோ போய்விடக்கூடாது என்பதில் அத்தனை கவனம். 1992இல் பிரமிட், பவல் என்ற இருவர் பதிப்பித்து லண்டன் கியூ தோட்டம் வெளியிட்ட நூல் ஒன்று, செடிகளுக்குப் பெயரிட்டவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சுருக்கம் என்று வரையறுத்துக் கொடுத்தது. ஒருவருக்குக் கொடுத்த சுருக்கம் இன்னொருவருக்கு இல்லை. கணினியில் எண் கொடுக்கும் காலத்துக்கு முன்பே ஆளை அடையாளம் காட்டும் வேலையை முறையாகச் செய்தவர்கள் நாங்கள் என்று ஒவ்வொரு வருடமும் இரண்டாமாண்டு வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். 16 என்று நிரப்பிய வருடமும் சொன்னேன்.

தமிழர் பெயருக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் பொன்னையா, மகன் பெயர் இசக்கி என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அவர் பொ. இசக்கி. வெளிநாட்டு இதழின் படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். கடைசிப் பெயர்க் கட்டத்தில் பொன்னையா போகும். கட்டுரை அச்சாகி அட்டவணைக்குள் போகும்போது எழுதியவர் பொன்னையா ஆகிவிடுவார். இசக்கி இனிஷியலாகச் சுருங்கிவிடுவார். அடுத்த இதழில் மாற்றி நிரப்பினால் வேறு ஆள். திருமணத்துக்குப் பின் தகப்பன் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போடும் பெண்களுக்கு இன்னும் மோசம். முனைவர் பட்டம் வரை ஒருவர், அதற்குப் பின் இன்னொருவர். என் கட்டுரைகளே மூன்று விதமான பெயரில் சிதறிக் கிடந்தன. என்னுடையவற்றில் பாதி எனக்கு வந்து சேரவில்லை, அடுத்தவருடையவை மொத்தமாக வந்து சேர்ந்தன.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. எஸ். சந்திரசேகர் என்று மூன்று பேர் இருந்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் ஒருவர். பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்து, 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். இருவருமே இயற்பியலாளர்கள், இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள், இருவருமே சி.வி. ராமனின் நெருங்கிய உறவினர்கள். மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை அறிஞர், இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தவர். கட்டுரைத் தலைப்பில் மூவருமே எஸ். சந்திரசேகர்தான். அந்தக் காலத்தில் நூலகர் ஒருவர் உட்கார்ந்து பிரித்துவைப்பார். இன்று அந்த இடத்தில் ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. அது நம்மைக் கேட்கிறது, இவை உங்களுடையவையா என்று. நாம் சொல்வதை நம்புகிறது.

விருது வந்தது. சால்வை, கேடயம், ஒரு சிறு தொகை. நிதி வழங்கும் அமைப்பு ஒன்றுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் பயோடேட்டாவிலும் அந்த எண் போனது. நிதியும் கிடைத்தது. எண்ணைப் பார்த்துத்தான் கொடுத்தார்களா என்று தெரியாது என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஆர்கிட் வந்தது. பூவின் பெயர்போல ஒலித்தாலும் இது ஆய்வாளருக்கான எண். லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று 2012 அக்டோபரில் பதிவேட்டைத் தொடங்கியது. ஆய்வாளருக்குக் கட்டணம் இல்லை. செலவைப் பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் உறுப்பினர் கட்டணமாக ஏற்கின்றன. லண்டன் ராயல் சொசைட்டி 2016 ஜனவரி முதல் தன் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறவர் இந்த எண்ணைத் தரவேண்டும் என்றது. மற்ற பல பதிப்பகங்களும் பின்தொடர்ந்தன. 2020 முடிவதற்குள் பதிவு செய்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். 16 இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து நடுவில் சிறு கோடு. எண்ணைப் பார்த்து நாட்டையோ துறையையோ கல்லூரியையோ கண்டுபிடிக்க முடியாது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஊர் மாறினாலும் இனிஷியல் மாறினாலும் எண் மாறாது. ஒருவர் எழுதிவந்த வேறு வேறு பெயர் வடிவங்களையும் அதே பதிவில் குறித்து வைக்கலாம். நம் ஊர்ப் பெயர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இதுவரை வரவில்லை என்பது என் கட்சி.

அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். முன்னால் உள்ள பதினைந்தையும் ஒவ்வொன்றாகக் கூட்டி இரண்டால் பெருக்கிக்கொண்டே வந்து, பதினொன்றால் வகுத்து மிச்சத்தைப் பார்த்துப் போடுவது. அந்த மிச்சத்தின்படி 10 வரவேண்டியிருந்தால் எக்ஸ் எழுத்து நிற்கும். நடுவில் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும், இயந்திரம் ஏற்காது. இதற்கு உதாரணமாக ஆர்கிட் காட்டுகிற பதிவு ஜோசையா கார்பெரி என்ற பேராசிரியருடையது. எண்ணின் கடைசி எட்டு இலக்கம் 1825-0097. நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், 7 சரியாக வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு பேராசிரியரே கிடையாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1929இல் யாரோ குறும்புக்காக ஒட்டிய அறிவிப்பில் பிறந்தவர். உடைந்த பானைகளை ஆராய்கிறவர் என்று அவருக்கு ஒரு துறையும் கட்டிவிட்டார்கள். இல்லாத ஆளின் எண்ணிலும் கணக்குத் தப்பவில்லை. என் எண்ணிலும் தப்பவில்லை. காவல்காரர் விரல் தவறுவதைப் பிடிப்பார். மனம் தவறுவது அவர் வேலையில் இல்லை.

நம் ஆட்கள் இதை ஆய்வாளரின் ஆதார் என்கிறார்கள். அது சரியில்லை. ஆதாருக்குக் கைரேகை கேட்பார்கள், கண்ணைப் படம் பிடிப்பார்கள். இங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். நீங்கள் யார் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பதிவில் வேறொன்று செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும், இதைச் சேர்த்தது யார் என்று ஒரு வரி இருக்கும். பதிப்பகத்தின் வழியாக, கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற அடையாள எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பு சேர்த்திருந்தால் அதன் பெயர் நிற்கும். நீங்களே சேர்த்திருந்தால் உங்கள் பெயர் நிற்கும். படிக்கிறவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

என் பதிவில் அந்த வரியில் என் பெயர் நின்றது. ஆனால் விசையை அழுத்திய விரல் என்னுடையது இல்லை.

ஒரு இதழ் ஆர்கிட் எண் இல்லாமல் கட்டுரையை ஏற்கமாட்டேன் என்றதும் என் ஆய்வு மாணவியைக் கூப்பிட்டேன். கணினி வேலை எதுவானாலும் அவரைக் கூப்பிடுவது என் வழக்கம். என் வருமான வரிப் படிவம்கூட அவர் நிரப்பித் தந்ததுதான், அதுவும் தப்புதான். அவர் எனக்குப் பதிவு தொடங்கி, தேடல் தளத்தில் இருந்த பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

"சார், இதுல வெள்ளி நானோ பேப்பர்லாம் வருது. நம்மதா சார்?"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், அல்லது திருத்துகிற மாதிரி இருந்தேன்.

"எல்லாத்தையும் போட்டுரும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் டிக் செய்தார். நெறியாளர் சொன்னதை மறுத்துப் பேசுகிற இடத்தில் நம் ஆய்வு மாணவர்கள் யாரும் இல்லை. ஆய்வேட்டில் என் கையெழுத்து விழாமல் அவருக்குப் பட்டம் கிடையாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தெரிதலின் பலத்தில்தான் நான் நிமிர்ந்து பார்க்காமல் பேசினேன்.

ஏன் அப்போதாவது நிறுத்தவில்லை? ஏற்கெனவே 16 என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. புதிய பதிவில் என் சொந்தக் கட்டுரைகளை மட்டும் போட்டால் இரண்டு பட்டியலும் முட்டிக்கொள்ளும். முதலில் சொன்ன பொய்க்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு வருடம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பெயர்க்காரரிடமிருந்து. என்னைவிட வயதில் இளையவர். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேலையில் இருந்துகொண்டு நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்முகத் தேர்வில் அவருடைய கட்டுரைகளைச் சரிபார்த்தவர்கள், இதே கட்டுரைகள் இன்னொருவர் பதிவிலும் இருக்கின்றனவே, உண்மையில் எழுதியது யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஆய்வக நோட்டுகளையும் இணையாசிரியர்களின் கடிதங்களையும் கொண்டுபோய்க் காட்டித் தன்னைத் தானே நிரூபிக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் கோபமில்லாமல் எழுதியிருந்தார். மென்பொருள் செய்த தவறாகத்தான் இருக்கவேண்டும், ஐயாவுக்கு நேரம் கிடைக்கும்போது நீக்கிவிட்டால் நல்லது என்று முடித்திருந்தார். பதிவில் தவறு இருந்தால் ஆர்கிட் அமைப்பிடமே முறையிட வழி இருக்கிறது. அவர் அங்கே போகவில்லை. என்னிடம்தான் வந்தார்.

எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார், நான் கௌரவமாக வெளியேறட்டும் என்று. அந்தக் கதவு எனக்குப் போதவில்லை. மென்பொருள் என்று சொன்னால் மேலும் கேட்பாரோ என்று பயந்து, என் ஆய்வு மாணவி அவசரத்தில் தவறுதலாகச் சேர்த்துவிட்டார், அவரைக் கண்டித்திருக்கிறேன் என்று பதில் எழுதினேன். கண்டித்திருக்கிறேன் என்று எழுதியதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அந்தப் பெண் ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்து கோரைக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகும் நான் அவற்றை நீக்கவில்லை. ஆர்கிட் பதிவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று நிலை உண்டு: எல்லாரும் பார்க்கலாம், நாம் அனுமதித்த அமைப்புகள் பார்க்கலாம், நாம் மட்டும் பார்க்கலாம். அவருடைய கட்டுரைகளை நான் மட்டும் பார்க்கலாம் என்ற நிலைக்கு மாற்றிவைத்தேன். வெளியே இருந்து பார்த்தால் காணாமல் போயிருக்கும். உள்ளே அப்படியே இருக்கும். எதற்காக அப்படி வைத்திருந்தேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. விட மனமில்லை, அவ்வளவுதான். சில ராத்திரி உள்ளே போய்ப் பார்ப்பேன்.

அவற்றில் ஒன்றை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார். ஆனால் பயன்படுத்திய செடியின் பெயரில் ஒரு பிழை இருந்தது. பழைய பெயரைக் கொடுத்திருந்தார். ஒரு வகைப்பாட்டியலாளன் பக்கத்தில் இருந்திருந்தால் திருத்தியிருப்பான். இந்தப் பெயர்ப் பொருத்தத்தில் எனக்கு நேர்மையாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே பங்கு அதுதான்.

கடைசியில் நீக்கியதற்கு மனசாட்சி முழுக் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். துறைக்குப் புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் எல்லாருடைய பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பயம்தான் முதலில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆர்கிட்டிலிருந்தும் தேடல் தளத்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தேன். எண் 16இலிருந்து 6க்கு இறங்கியது. அந்த வருடத் தாளைப் பார்த்த முதல்வர், "என்ன சார், இவ்வளவு கொறஞ்சிருக்கு?" என்றார். தளத்தில் கணக்கிடும் முறையை மாற்றிவிட்டார்கள் என்றேன். அவர் நம்பினார். கணினியைக் குற்றம் சொன்னால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மாணவி இப்போது முனைவர். திருமணமாகி வேறு ஊரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார். இதை எழுத உட்காரும் முன் அவருக்குப் போன் செய்து, நடந்ததையும், அவர் பெயரைச் சொல்லாமல் அவர்மீது நான் போட்ட பழியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பரவால்ல சார்" என்றார். அந்தப் பரவாயில்லையில் மன்னிப்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்ததாக அவர் கேட்டது வேறு. "சார், என்னோட ஆர்கிட் பாஸ்வேர்டு உங்ககிட்டதான இருக்கு? நாலு தடவ டிபார்ட்மெண்ட்டுக்கு மெயில் போட்டேன் சார். இனிஷியல் மாத்தணும்."

உண்மைதான். என்னிடம் சேரும் ஆய்வு மாணவர்கள் எல்லாருக்கும் துறையின் மின்னஞ்சல் முகவரியில் பதிவு தொடங்கச் சொன்னவன் நான். கடவுச்சொற்கள் என் மேசை டிராயரில் ஒரு நோட்டில் இருந்தன. பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தால் தவறாமல் பார்க்கலாம் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்கக் கூடவே வரட்டும் என்று கொடுக்கப்படுகிற எண், படிப்பு முடிந்து போனவர்கள் திறக்க முடியாதபடி என் டிராயரில் பூட்டிக் கிடந்திருக்கிறது. அடுத்தவர் கட்டுரைகள் என் பதிவில் இருந்தது வெளியில் தெரிந்த தப்பு. இது யார் கண்ணிலும் படாத தப்பு. என் கண்ணிலும் பட்டதில்லை.

நோட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லை அனுப்பி, சொந்த மின்னஞ்சலைச் சேர்த்துக்கொண்டு துறை முகவரியை நீக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கு இரண்டு எண் இருந்தது. முதலில் தொடங்கியதைத் திறக்க முடியாமல் இன்னொன்று தொடங்கியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக இணைக்க அங்கே வழி இருக்கிறது, பழைய எண்ணைத் தேடிப் போகிறவர் புதியதற்கு வந்து சேர்ந்துவிடுவார். என் பெயர்க்காரருக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் மாணவி அந்தத் தவறைச் செய்யவில்லை, நான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். விருதுத் தொகையைத் திருப்பிக் கட்டவும் கேடயத்தை ஒப்படைக்கவும் அனுமதி கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம், விண்ணப்பத்தில் தந்த எண் பொய் என்று நிதி வழங்கிய அமைப்புக்கு ஒரு கடிதம். இந்த இதழ் கடைக்கு வருவதற்குள் இரண்டும் போய்ச் சேர்ந்திருக்கும். என்ன நடவடிக்கை எடுத்தாலும் அது அதிகம் என்று நான் வாதாடப் போவதில்லை.

நெறியாளர்களாக இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பதிவைத் திறந்து, ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் சேர்த்தவர் யார் என்ற வரியைப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கிற இடத்தில் நிறுத்தி, அந்தக் கட்டுரையை எழுதியது நீங்கள்தானா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உங்கள் மாணவர் தன் எண்ணைத் தன் கைப்பேசியில், தன் சொந்த மின்னஞ்சலில் தானே தொடங்கட்டும். கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள். அவராகவே நீட்டினாலும் வாங்காதீர்கள்.